சிறைப்பட்டவன் மனைவி: காப்பியம் காட்டும் இரு நெறிகள்

ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களைத் தமிழ் மாணவர் வரிசை பிறழாமல் ஒப்பிப்பர். அவற்றுள் சிலப்பதிகாரத்தின் கதையை அறியாதார் அரியர். குண்டலகேசியின் கதையை அறிந்தாரோ மிகச் சிலர். ஆயினும் இவ்விரு காப்பியங்களின் தலைவியருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு. கண்ணகி, குண்டலகேசி இருவருமே கள்வன் என்று அரசு தண்டித்த ஒருவனுக்கு மனைவியர். அவ்வொற்றுமைக்குள் பெரியதொரு வேற்றுமையும் இருக்கிறது. கண்ணகியின் கணவன் களவு செய்யாதவன். குண்டலகேசியின் கணவனோ உண்மையிலேயே கள்வன். தமிழ் மரபு இவ்விரு பெண்களையும் வேறு வேறு நெறியில் நடத்திச் சென்றது. பின்வந்தோர் அவ்வேறுபாட்டை மறந்து, முன்னவளுக்குரிய நெறியை எல்லா மனைவியர்க்கும் உரியதாக்கிவிட்டனர்.

இம்மறதி ஏட்டளவில் நின்றிருந்தால் அதனைப் புலவர்கள் தமக்குள் பேசி முடித்திருக்கலாம். அது வீட்டுக்குள் புகுந்துவிட்டது. கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மக்கள் குடியேறிய சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற நகர்ப்புறங்களிலும், கணவன் நெடுந்தண்டனை பெற்றுச் சிறை சென்றபின் குழந்தைகளோடு தனித்து நிற்கும் பெண்கள் இருக்கின்றனர். மணவிலக்குப் பெறலாமா என்று அவர்களுள் ஒருத்தி வாய்திறந்தால், உறவினர் முதலில் எடுப்பது கண்ணகியின் பெயரையே. கணவனுக்காக ஊரையே எரித்தவள் பிறந்த குலத்தில் இப்படியும் ஒருத்தியா என்பர். காப்பியத்தைச் சாட்சிக்கு அழைப்பவர் அக்காப்பியம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

கண்ணகி தொடுத்த வழக்கு

கோவலன் மாதவியை நாடிச் சென்று பொருளிழந்து திரும்பியபோது கண்ணகி அவனை ஏற்றுக்கொண்டாள். அது மனைவிக்கு அவன் செய்த பிழை. அதைப் பொறுப்பதும் பொறாததும் அவள் உரிமை, அவள் பொறுத்தாள். மதுரையில் நேர்ந்தது வேறு வகை. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் ஆராயாது ஆணையிட, கோவலன் வெட்டுண்டான். அச்செய்தி செவிப்பட்டபோது கண்ணகி அழுததோடு அமையவில்லை. தன் கணவன் கள்வன்தானா என்ற வினாவைக் கதிரவனை நோக்கியே எழுப்பினாள். கள்வன் அல்லன் என்ற விடை கிடைத்தபின்னரே அரசவைக்குச் சென்றாள்.

வழக்குரை காதை என்று அப்பகுதிக்குப் பெயர் அமைந்ததும் பொருத்தமே. அங்கே நடப்பது வழக்கு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூற, தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் கூற, சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. சான்று காட்டி வென்றாள் கண்ணகி. அவளுடைய சீற்றத்தின் வலிமை முழுவதும் கோவலன் குற்றமற்றவன் என்னும் ஒரு தூணின்மேல் நிற்கிறது. அத்தூணை நீக்கிவிட்டால் மதுரையை எரித்த தீக்கு நியாயம் ஏது? கோவலன் அச்சிலம்பைக் களவாடியிருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள் என்னும் வினாவுக்கு இளங்கோவடிகள் விடை கூறவில்லை. அவர் எடுத்துக்கொண்ட கதையில் அவ்வினாவுக்கு இடமில்லை.

ஆதலின், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுச் சிறையிலிருக்கும் ஒருவனின் மனைவியிடம் கண்ணகியைக் காட்டுவது காப்பியம் சொல்லாத ஒன்றைக் காப்பியத்தின் பெயரால் சொல்வதாகும். பொறுமைக்குச் சான்றாக அவளைக் காட்டுவோர் புகார்க் காண்டத்தோடு நூலை மூடிவிடுகின்றனர். மதுரைக் காண்டத்துக் கண்ணகி உண்மை இன்னதென்று கேட்டறிந்து, அதன்பின் அரசின் வாயிலுக்கே சென்று நீதி கேட்ட பெண்.

குண்டலகேசி காட்டும் நெறி

குற்றவாளியின் மனைவி நிலையைப் பாடிய காப்பியம் குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய இப்பௌத்த நூலில் பத்தொன்பது செய்யுட்களே இன்று கிடைக்கின்றன. அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையும் இல்லையேல் கதையின் போக்கே தெரிந்திராது. நீலகேசியை உரையுடன் 1936ஆம் ஆண்டில் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார். எதிர்ச்சமயத்தார் மறுக்கப் புகுந்தமையால் ஒரு கதை பிழைத்தது என்பது தமிழ் நூல் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி. பாலி மொழியில் தேரிகாதை என்னும் பௌத்தத் துறவியர் பாடல் தொகுதியிலும் இவள் பெயரால் பாடல்கள் உள்ளன. அதன் உரையிலும் இவள் கதை கூறப்படுகிறது.

செல்வக்குடியிற் பிறந்த பத்திரை என்பவள், கொலைத்தண்டனை பெற்றுத் தெருவழியே இட்டுச் செல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்தாள். தமிழ்க் கதையில் அவன் பெயர் காளன். மகளின் பிடிவாதத்துக்கு இணங்கிய தந்தை தம் செல்வாக்கால் அவனை விடுவித்து மணம் முடித்தார். இல்லறம் சிலகாலம் இனிதே நடந்தது. பின்னர் ஒருநாள் அவள் விளையாட்டாக அவனுடைய பழைய களவைச் சுட்டிப் பேச, அவன் நெஞ்சில் வன்மம் புகுந்தது. மலைமுகட்டுக்கு அவளை அழைத்துச் சென்று, கொல்லப் போவதாகக் கூறினான். இறக்குமுன் கணவனை வலம்வந்து வணங்க விரும்புவதாகச் சொல்லிய பத்திரை, பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிட்டாள். பின்பு துறவு பூண்டு, சமய வாதத்தில் பலரை வென்று, இறுதியில் புத்தர் நெறியை அடைந்தாள். பறிக்கப்பட்ட கூந்தல் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி என்னும் பெயர் பெற்றாள் என்பர்.

இக்கதையைக் காதலின் கண்மூடித்தனத்துக்கு எச்சரிக்கை என்று மட்டும் கூறி நிறுத்துவது பெரும்பாலோர் வழக்கம். அந்த அளவில் நின்றால் கதையின் நுட்பம் நழுவிவிடும். பத்திரை அவனைக் கள்வன் என்று அறிந்தே மணந்தாள். அவன் பெற்ற தண்டனையையும் அறிந்தாள். அவற்றுள் எதுவும் அவளை அவனிடமிருந்து பிரிக்கவில்லை. களவு செய்தவனோடும் வாழ அவள் ஆயத்தமாக இருந்தாள். அவனுடைய கொடுமை தன் உயிரின்மேல் திரும்பிய அந்த நொடியிலேதான் மணவாழ்வு முடிந்தது. பிரிவுக்குக் காரணம் பழைய குற்றம் என்று காப்பியம் கொள்ளவில்லை. மனைவியிடம் அவன் நடந்துகொண்ட முறையையே காரணமாகக் கொண்டது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கணவனைக் கொன்ற பெண்ணைப் பௌத்த மரபு ஒதுக்கித் தள்ளவில்லை. விரைந்து உண்மையை உணர்ந்தவர்களுள் முதன்மையானவள் என்று புத்தரே அவளைப் பாராட்டியதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. அவள் செய்தது கொலை. அதை எவரும் இன்று வழியாகக் கொள்ள இயலாது. ஆனால் அவள் நின்ற மலைமுகட்டில் முறையிட மன்றம் இல்லை, பிரிந்து செல்லச் சட்டம் இல்லை. பிரிவுக்கு அறவழி அடைபட்ட இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அக்கதை சான்று.

தமிழ்நாட்டில் எழுந்த குரல்

அவ்வழியைத் திறக்க வேண்டும் என்னும் குரல் தமிழரிடையே பிற்காலத்தில் வலுவாக எழுந்தது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமை கணவன், மனைவி இருவர்க்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ 1939இல் திரைக்கு வந்தது. தன்னைக் கைவிட்ட கணவன் சேர்ந்து வாழும்படி வழக்காட, அதற்கு உடன்படாத சாவித்திரி, தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறினாள். இந்து மணத்துக்கு மணவிலக்குச் சட்டம் பரவலாக இல்லாத காலத்தில் எழுந்த கற்பனை அது. நீதிமன்றப் படியேறிய கண்ணகியின் சாயல் சாவித்திரியிடம் இருக்கிறது.

இந்நாட்டுச் சட்டம்

மலேசியாவில் இசுலாமியர் அல்லாதார்க்குரிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் சிறைத்தண்டனையை மணவிலக்குக்குத் தனிக் காரணமாகக் கூறவில்லை. மணவாழ்வு மீட்க இயலாதவாறு முறிந்ததா என்னும் ஒன்றையே அது கேட்கிறது. அம்முறிவுக்குச் சான்றாக 54ஆம் பிரிவு நான்கு நிலைகளைக் கூறுகிறது. பிறர்மனை நாடியதும் அதனால் உடன்வாழ இயலாமையும் ஒன்று. உடன்வாழ்வாள் என்று நியாயமாக எதிர்பார்க்க இயலாத நடத்தை இரண்டு. ஈராண்டுக் கைவிடல் மூன்று. ஈராண்டுப் பிரிந்துவாழ்தல் நான்கு.

இவற்றுள் சிறைவாசம் எதில் அடங்கும்? சிறையில் அடைபட்டவன் மனமுவந்து மனைவியை விட்டுச் சென்றவன் ஆகான். எனவே அதனைக் கைவிடல் என்பது எளிதன்று. பிரிந்துவாழ்தல் என்றாலும் உடல் பிரிவு மட்டும் போதாது என்று 1972இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சாந்தோஸ் வழக்கில் தீர்ப்பளித்தது; மணவாழ்வு முடிந்தது என்னும் எண்ணமும் ஒருவர் நெஞ்சிலேனும் இருத்தல் வேண்டும் என்றது. வாரந்தோறும் சோற்றுப் பொட்டலத்தின் நினைவோடு சிறைவாயிலுக்குச் சென்று காத்திருக்கும் மனைவி, சட்டத்தின் கண்ணில் பிரிந்து வாழ்பவள் ஆகாள். மீதமிருப்பது நடத்தை. குற்றத்தால் குடும்பத்துக்கு நேர்ந்த இழிவும், வறுமையும், முன்பே வீட்டில் நிகழ்ந்த கொடுமையும் அதன்கீழ் ஆராயப்படலாம்.

குண்டலகேசி கொண்ட அளவுகோலையே இச்சட்டமும் கொண்டிருக்கிறது என்பது வியப்புக்குரியது. குற்றம் எத்தகையது, தண்டனை எவ்வளவு என்பவற்றை விட, அது இல்வாழ்வை என்ன செய்தது என்பதே இரண்டிலும் வினா.

ஆயினும் தண்டனையின் அளவைச் சட்டம் ஓரிடத்தில் கருதுகிறது. மணவிலக்குக் கோருவோர் முதலில் இணக்கக் குழுவின்முன் செல்லவேண்டும் என்பது 106ஆம் பிரிவின் விதி. எதிர்த்தரப்பினர் மூன்றாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றிருந்தால் அவ்விதி பொருந்தாது. நேரே உயர்நீதிமன்றத்துக்குச் செல்லலாம். கணவனும் உடன்பட்டால், மணமாகி ஈராண்டு கடந்தபின் 52ஆம் பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். அதற்கும் இணக்கக் குழு தேவையில்லை. மனைவி, மக்களின் பராமரிப்புக்குத் தக்க ஏற்பாடு உண்டா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். பொருள்வசதி இல்லாதார் சட்ட உதவித் துறையை அணுகலாம்.

இவ்விடத்தில் சட்டத்தின் குறை ஒன்றும் புலப்படுகிறது. ஒரே குற்றத்துக்கு மூன்றாண்டு தண்டனை பெற்றவனின் மனைவிக்கு நேர்வழி திறக்கிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று திரும்பத் திரும்பச் சிறைசென்று மீள்பவனின் மனைவிக்கு அவ்வழி இல்லை. அவன் சிறையில் கழித்த மொத்தக் காலம் மூன்றாண்டைக் கடந்திருந்தாலும் அவள் இணக்கக் குழுவுக்கே செல்லவேண்டும். அல்லது தனிச் சூழ்நிலை என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். போதைப்பொருள் பழக்கத்தால் இவ்வாறு சிறைக்கும் வீட்டுக்குமாக அலைபவர் இருக்கும் குடும்பங்களில் துன்பம் குறைந்ததன்று.

பிற சட்டங்களோடு ஒப்பிட்டாலும் இவ்வேறுபாடு விளங்கும். 1984ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இசுலாமியக் குடும்பச் சட்டத்தில், மூன்றாண்டுச் சிறைத்தண்டனையே மணத்தை நீக்கத் தக்க காரணம். தீர்ப்பு இறுதியாகி, ஓராண்டு தண்டனை கழிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஏழாண்டுத் தண்டனையைக் காரணமாக ஏற்கிறது. மறு ஆண்டில் வந்த இந்துத் திருமணச் சட்டமோ சிறையைத் தனிக் காரணமாக ஏற்கவில்லை. ஒரே நாட்டில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்த இரு சட்டங்களே இவ்வாறு வேறுபடுகின்றன.

சிறை ஒன்று, காரணம் பல

சிறை சென்றவர் அனைவரையும் ஒரு தட்டில் வைத்தலும் பிழை. 1947ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் உரிமைக்காகப் போராடிச் சிறை புகுந்தோர் பலர். அவர்தம் மனைவியர் தலைகுனிய வேண்டியதில்லை. மணிமேகலையும் சிறையைப் பற்றிப் பேசுகிறது. சிறையிலிருந்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலை, அரசனிடம் வேண்டிய வரம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. குற்றம் புரிந்தவனும் திருந்தி மீளலாம் என்னும் நம்பிக்கை அவ்வேண்டுகோளில் அடங்கியிருக்கிறது. அந்நம்பிக்கையோடு காத்திருக்க விரும்பும் மனைவியைப் பித்தி என்று ஏசுவோரும் காப்பியத்தை அறியாதவரே.

எனவே காத்திருத்தலும் விலகுதலும் ஆகிய இரண்டுக்கும் தமிழில் சான்று உண்டு. முடிவு அவளுடையதாக இருக்கவேண்டும் என்பதே கேட்கத்தக்கது. கட்டாயத்தால் காத்திருப்பவள் கற்பு நெறியில் நிற்பவள் ஆகாள். அவள் வெளியில் இருக்கும் இன்னொரு கைதி. தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலைப்பெயர் கணவனுடையதாக இருந்து, அவன் சிறை சென்றால், லயத்து வீடும் கைவிட்டுப் போகும் நிலை வரலாம். மரணதண்டனை கட்டாயம் என்பதை 2023ஆம் ஆண்டில் நீக்கிய சட்டம், அதற்கு மாற்றாக முப்பது முதல் நாற்பது ஆண்டு வரை சிறைத்தண்டனையை வைத்தது. உயிர் மீண்டது நன்றே. ஆனால் அத்தகையவனின் இளமனைவியிடம் நாற்பதாண்டு காத்திரு என்று சொல்வோர், அந்த நாற்பதாண்டில் அவள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சோறாவது இட்டவரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

ஆசிரியர் கடமை

பள்ளி ஆண்டு விழாவில் தலைவிரி கோலத்துடன் ஒரு சிறுமி ஒற்றைச் சிலம்பேந்தி நிற்கிறாள். அவையோர் கைதட்டுகின்றனர். அவ்வவையில் கணவன் சிறையிலிருக்கும் தாய் ஒருத்தியும், அவள் பெற்ற பிள்ளையும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் அக்காட்சியிலிருந்து எதைக் கொண்டு செல்கின்றனர் என்பது ஆசிரியர் அதனை எவ்வாறு விளக்கினார் என்பதைப் பொறுத்தது. எதுவாயினும் பொறுத்துக்கொள்வதே பெண்ணறம் என்று விளக்கினால், இளங்கோவடிகள் எழுதாத ஒன்று அவர் பெயரால் அவ்வீட்டில் சென்று சேரும். உண்மையை ஆராய்ந்து, சான்றோடு நீதியின் வாயிலை அடைந்தவள் என்று விளக்கினால், அத்தாய் தலைநிமிர்ந்து செல்வாள்.

கண்ணகியைக் கற்பிக்கும் வகுப்பில் குண்டலகேசியின் கதையையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அதற்கு ஒரு பாடவேளை போதும். கணவன் குற்றமற்றவனாயின் அவன்பொருட்டு அரசையும் எதிர்த்து நின்ற மனைவியைத் தமிழ் போற்றியது. கணவனின் கொடுமை தன்மேல் திரும்பியபோது அவனை விட்டு விலகி அறிவுநெறியில் உயர்ந்த மனைவியையும் அதே தமிழ் காப்பியத் தலைவியாக்கியது. ஐந்தில் ஒன்றாக அவள் பெயரை ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியர், அவள் யார் என்பதையும் சொல்லிவைத்தல் நன்று.